தோட்ட முகவரிக்கு ஒரு பேஸ் பெடல்: மலையகத்தில் புதிதாக வாங்குபவர்களுக்கு

நான் ஆசைப்பட்டு வரவழைத்த முதல் பெடல், அதாவது பேஸ் கிட்டாரின் சத்தத்தை மாற்றக் காலால் அழுத்தும் சின்னப் பெட்டி, கைக்கு வந்து சேர நாலு மாதம் எடுத்தது. வந்த பிறகு நாலு செக்கன்தான் உயிரோடு இருந்தது. அடப்டரை மாற்றிச் செருகிவிட்டேன். சின்ன லைட் ஒருமுறை மின்னியது, சுட்ட வாசம் வந்தது, அவ்வளவுதான். அந்த நாலு மாதமும் நாலு செக்கனும் உங்களுக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டு கோயில் திருவிழா, கல்யாண வீடு, ஞாயிற்றுக்கிழமை சபை என்று பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வீடியோக்களில் எந்தப் பெடலின் சத்தம் நல்லது என்று மணிக்கணக்கில் கதைப்பார்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்து வாங்குகிறவனுக்கு அது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் கரண்ட், முகவரி, கடதாசி என்று மூன்று மலை ஏற வேண்டியிருக்கிறது.

1. எது தேவை, எது ஆசை என்று பிரியுங்கள்

ஒரு கொப்பியில் இரண்டு பட்டியல் போடுங்கள். தேவைப் பட்டியலில் முதலில் வர வேண்டியது டியூனர். யாருக்கும் டியூனர் வாங்க ஆசை வருவதில்லை, அது வேறு கதை. ஆனால் இரவு பத்து மணிக்குக் கோயில் மைதானத்தில் பனி இறங்கும்போது கம்பியின் சுதி மாறும், கழுத்து நகரும். ஜெனரேட்டர் இரைச்சலுக்குள் காதால் சுதி சேர்க்க முடியாது. நான் வைத்திருப்பது பொஸ் டியூ-3. அழுத்தினால் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுச் சுதி காட்டும். அதன் பக்கத்திலிருந்து இன்னொரு வயர் போட்டு அடுத்த பெடல்களுக்கும் கரண்ட் கொடுக்கலாம்.

இரண்டாவது, மிக்சருக்கு நேராகப் போகும் டி.ஐ. பெட்டி. நம்ம பக்கத்து மேடைகளில் பேஸ் அம்ப் இருப்பது அபூர்வம். சவுண்ட்காரர் ஒரு வயரை நீட்டி "இதுல குத்துங்க தம்பி" என்பார், அவ்வளவுதான் மேடை. டி.ஐ. இல்லாமல் நீண்ட வயரில் போனால் சத்தம் மங்கி, இரைச்சல் ஏறிப் போகும். பெஹ்ரிங்கர் பி.டி.ஐ. 21 என்ற சின்னப் பெட்டி டி.ஐ. வேலையும் செய்யும், அம்ப் மாதிரி நிறமும் கொடுக்கும். உடம்பு பிளாஸ்டிக். பூட்ஸ் காலால் மிதிக்காமல் பழகினால் போதும்.

மூன்றாவது கம்ப்ரெசர், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் பெட்டி. இளையராஜா பாட்டு வாசிக்கிறவர்களுக்கு இது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். மேல் கம்பியில் ஏறும்போது மெலிந்து, கீழே வரும்போது இடித்தால் அந்தப் பாட்டு காணாமல் போய்விடும்.

ஒக்டேவ் (ஒரு ஸ்தாயி கீழே சத்தம் சேர்ப்பது), டிஸ்டோர்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்குவது), கோரஸ், வா என்று நிறம் மாற்றும் பெடல்கள் எல்லாம் ஆசைப் பட்டியலுக்கு.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் தனிப் பெடலே வாங்காதீர்கள். சூம் பி1 ஃபோர் மாதிரி ஒரு சின்ன மல்டி எஃபெக்ட் வாங்குங்கள். டியூனர், கம்ப்ரெசர், டிரைவ் (மெல்லிய டிஸ்டோர்ஷன்), ரிதம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. நாலு டபுள் ஏ பெட்டரியில் ஓடும். ஹெட்போன் குத்தலாம். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா விடியக்காலையில் பெரட்டுக்கு (காலை வேலைக் கணக்கெடுப்புக்கு) போக வேண்டியவர். அவருக்காகவே ஹெட்போன் ஓட்டை உள்ள பெட்டிதான் முதலில் வர வேண்டும். அதில் ஒரு குறை, மிக்சருக்கான எக்ஸ்.எல்.ஆர். ஓட்டை இல்லை. மேடைக்குப் போகும்போது டி.ஐ. தனியாக வேண்டும்.

ஒரு பொறி: கிட்டார்காரத் தம்பி விற்கிறான் என்று அவனுடைய டிஸ்டோர்ஷனை வாங்கிவிடாதீர்கள். கிட்டாரின் கீழ்க் கம்பி 82 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 82 அதிர்வு). நம்முடைய ஈ கம்பி அதில் பாதி, 41. ஐந்து கம்பி பேஸ் என்றால் பீ கம்பி 31. கிட்டாருக்குச் செய்த பல பெடல்கள் அந்தக் கீழ்ச் சத்தத்தை வெட்டிவிடும். வீட்டில் தனியாகக் கேட்கும்போது ஆசையாக இருக்கும். டிரம்ஸோடு சேர்ந்ததும் உங்களையே காணோம். பெடல் மாற்றாத சுத்தச் சத்தத்தைக் கலந்துகொள்ளும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பொஸ் ஓ.டி.பி.-3இல் 'பேலன்ஸ்' என்று இருப்பது அதுதான்.

2. பெடலுக்கு முன்னால் கரண்டைச் சரிசெய்யுங்கள்

என் நாலு செக்கன் கதை இங்கேதான் நடந்தது. பெடலில் 9 வோல்ட் என்று போட்டிருந்தது. வீட்டில் ரவுட்டருக்கு வந்த அடப்டரிலும் 9 வோல்ட் என்று போட்டிருந்தது. ஓட்டையிலும் சரியாகப் பொருந்தியது. பிறகு ஹட்டனில் ரேடியோ திருத்துகிற ஓர் அண்ணன் லென்ஸை மாட்டிக்கொண்டு அடப்டரின் முதுகைத் திருப்பிக் காட்டினார். ஒரு வட்டம், நடுவில் புள்ளி, அந்தப் புள்ளியில் இருந்து போகும் கோடு கூட்டல் குறியில் முடிந்தது. "நடுவுல ப்ளஸ்ஸு தம்பி. ஒங்க பெடல்ல பாருங்க, நடுவுல மைனஸு." செத்தது உள்ளே காவலுக்கு இருந்த ஒரு டயோட் மட்டும். அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சாமான். விலை சில்லறைக் காசு. கூலியோடு 600 ரூபாய் கொடுத்தேன். எல்லாப் பெடலிலும் அந்தக் காவல் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

ஆகவே வாங்கும் முன் நாலு விஷயம் பாருங்கள்.

நடு முனை. பெரும்பாலான பெடல்களுக்கு நடுவில் கழித்தல். ரவுட்டர், கேமரா அடப்டர்களுக்குப் பெரும்பாலும் நடுவில் கூட்டல்.

வோல்ட். கரண்ட் வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கு வாங்கிய சின்ன யூ.பி.எஸ். பெட்டிகள் பல வீடுகளில் இருக்கின்றன. அதில் 9, 12 என்று இரண்டு ஓட்டை, பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு. இருட்டில் மாற்றிக் குத்தினால் கதை முடிந்தது. 9 ஓட்டையும் பெரும்பாலும் நடுவில் கூட்டல்தான், முனை மாற்றும் வயர் இல்லாமல் பெடலுக்குப் போடாதீர்கள்.

மில்லி அம்பியர். எல்லாப் பெடல்களின் தேவையையும் கூட்டி, அதைப் போல இரண்டு மடங்குள்ள அடப்டர் வாங்குங்கள். 30, 20, 200 என்றால் 250. 500 உள்ளதை எடுங்கள். மில்லி அம்பியர் கூடினால் பெடலுக்கு ஒன்றும் ஆகாது. வோல்ட் கூடினால்தான் ஆகும்.

உள்ளே வரும் கரண்ட். நம் நாட்டில் 230 வோல்ட். அடப்டரில் '100-240' என்று இருக்க வேண்டும். கனடாவில் இருந்து மாமா அனுப்பியதில் '120' மட்டும் இருந்தால், ஜப்பானில் இருந்து வந்ததில் '100' மட்டும் இருந்தால், பெட்டியிலேயே வைத்துக் கட்டிவிடுங்கள். ப்ளக்கை மாற்றும் சின்னக் கட்டை வோல்ட்டை மாற்றாது.

ஒரே அடப்டரில் இருந்து ஐந்து பெடலுக்கு வயர் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் டிஜிட்டல் பெடலும் டிஸ்டோர்ஷனும் ஒரே வயரில் இருந்தால் 'ங்ஙீ' என்று ஒரு கொசு பாடும். அப்போது வழிகள் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளைதான் தீர்வு. அது விலை கூட, ஒரு பெடலின் விலையே வரும். முதல் வருடம் வேண்டாம்.

3. முகவரியைச் சரிசெய்யுங்கள்

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தலைப்பே விளங்காது. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்கள் இன்னும் ஏராளம். கடிதம் தோட்ட ஆபிஸுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. என் பெடலுக்கு வந்த அறிவித்தல் அட்டை இரண்டு கிழமை அங்கேயே கிடந்தது. நான் வேறு ஒரு வேலையாகப் போனபோதுதான், "ஒங்க பேருல ஏதோ கார்டு வந்துருக்கு தம்பி, ஆரோடதுன்னு தெரியல" என்று எடுத்துத் தந்தார்கள். தெரியாமல் போனதற்கும் காரணம் நான்தான், கீழே சொல்கிறேன். தாமதித்து எடுக்கும் பொதிக்கு வைப்புக் கூலி ஏறலாம், திருப்பி அனுப்பியும் விடலாம்.

செய்ய வேண்டியது இது. டவுனில் உங்களுக்குத் தெரிந்த ஒரு கடை முகவரியைக் கேட்டு வாங்குங்கள். பார்மசி, புத்தகக் கடை, தையல் கடை, எதுவானாலும் பகல் முழுக்கத் திறந்திருப்பதாக இருக்கட்டும். உங்கள் பெயர் முதல் வரியில், 'மேற்பார்வை' (c/o) என்று கடைப் பெயர் இரண்டாம் வரியில், பிறகு வீதி, டவுன், தபால் குறியீடு. தொலைபேசி இலக்கம் கட்டாயம், அதுவும் தோட்டத்தில் சிக்னல் எடுக்கும் சிம்மின் இலக்கம். கூரியர் பையன் அழைக்கும் நேரம் நீங்கள் சிக்னல் இல்லாத பள்ளத்தில் நின்றால் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவான்.

உள்நாட்டுப் பொதி என்றால் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம் என்பார்கள். உடுப்பு, சப்பாத்து அப்படி வரட்டும். பெடலை அனுப்பச் சொல்லாதீர்கள். ஒன்று காணாமல் போனால் காட்டுவதற்குக் கையில் துண்டு இருக்காது.

4. பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்

என் அடையாள அட்டையில் ஒரு பெயர். ஊரில் கூப்பிடுவது இன்னொரு பெயர். ஓர்டர் போட்ட அன்று அந்தக் கூப்பிடும் பெயரைத்தான் அடித்திருந்தேன், இசைக்குழு போஸ்டரிலும் அதுதானே என்று. பொதி அந்தப் பெயருக்கு வந்தது. "நீங்கதான் இவரா?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, கடதாசி இல்லை.

பிறகு கிராம சேவகரிடம் இரண்டு பெயரும் ஒருவரே என்று கடிதம், பிரதேச செயலகத்தில் மேலொப்பம். இரண்டு நாள் வேலை போனது, இரண்டு நாள் சம்பளமும் போனது. இதற்காகப் போவதென்றால் கிராம சேவகர் எந்தெந்த நாள் ஆபிஸில் இருப்பார் என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள். வெளிக்களப் பயணத்தில் இருந்தால் கதவைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

அடையாள அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் இருந்தால், அதில் எப்படி எழுதியிருக்கிறதோ அதே எழுத்து, அதே வரிசை. அப்பாவின் பெயர் முன்னால் இருந்தால் முன்னால். வங்கிக் கார்டில் உள்ள பெயரும் அதுவே என்றால் இன்னும் நல்லது.

5. எங்கே வாங்குவது: மூன்று வழி

கொழும்புக் கடை. விலை கூட. ஆனால் தட்டிப் பார்த்து வாங்கலாம், உத்தரவாதம் எழுதித் தருவார்கள், சுங்கத் தலைவலி இல்லை. ஹட்டனில் இருந்து பஸ்ஸில் போக நாலைந்து மணி நேரம். விடியக்காலைப் பஸ் எடுத்தால் அன்றைக்கே திரும்பலாம். உங்கள் பேஸைத் தூக்கிக்கொண்டு போங்கள். கடையில் இருக்கும் விலை கூடிய பேஸில் எந்தப் பெடலும் நன்றாகத்தான் கேட்கும்.

இரண்டாம் கை. இக்மன் என்ற விளம்பர இணையத்தளம், பேஸ்புக் குழுக்கள். விலை நன்றாகக் குறையும், ஏமாற்றும் கூடும். முன்பணம் போடாதீர்கள். "நாளைக்கு இன்னொருத்தர் வாறார், இப்பவே அஞ்சாயிரம் போடுங்க" என்றால் அந்த இன்னொருத்தருக்கே கொடுக்கச் சொல்லுங்கள். நேரில் பார்க்கப் போகும்போது பேஸ், வயர், புது 9 வோல்ட் பெட்டரி, சின்ன ஸ்க்ரூடிரைவர் நாலும் பையில் இருக்கட்டும். குமிழ் ஒவ்வொன்றையும் முழுதாகத் திருப்புங்கள். 'கர கர' என்றால் உள்ளே ஈரமோ தூசியோ புகுந்திருக்கலாம், விலையைக் குறைக்கலாம். வயரைச் செருகி மெதுவாக ஆட்டுங்கள், சத்தம் விட்டு விட்டு வந்தால் ஜெக் போயிருக்கிறது. பெட்டரி மூடியைத் திறந்து பாருங்கள், பச்சையாக உப்புப் பூத்திருந்தால் வேண்டாம். அணைத்த நிலையிலும் வாசித்துக் கேளுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெடல் ஓய்வில் இருக்கும்போதும் உங்கள் சத்தம் அதற்குள்ளால்தான் போகிறது.

வெளிநாட்டு ஓர்டர். மேலே இரண்டிலும் கிடைக்காத சாமானுக்கு மட்டும் இதற்கு வாருங்கள்.

6. வெளிநாட்டில் இருந்து: கணக்கும் கடதாசியும்

முதலில் வங்கிக்குப் போன் போட்டு உங்கள் கார்டு வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூடியிருந்தால் திறந்து தருவார்கள். ஓ.டி.பி. (வங்கி போனுக்கு அனுப்பும் ஒருமுறை இரகசிய எண்) வரும் இலக்கம் இப்போது பாவிக்கும் இலக்கம்தானா என்றும் பாருங்கள்.

பிறகு கணக்கு. சுங்கம் வரி போடுவது பெடலின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. 100 டொலர் பெடல், 30 டொலர் கூலி என்றால் கணக்கு 130இல் தொடங்கும். 2024 ஜனவரி முதல் வற் (பெறுமதி சேர் வரி) 18 சதவீதம். 130க்கு அதுவே குறைந்தது 23 டொலர் 40 சதம். அது வற் மட்டும். இறக்குமதித் தீர்வை, மற்ற அறவீடுகள் இருந்தால் அவற்றைச் சேர்த்த தொகைக்கு மேல்தான் வற் வரும். அந்த வீதங்கள் மாறிக்கொண்டே இருப்பவை, ஓர்டர் போடும் கிழமையில் சுங்கத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். நான் என் சொந்தக் கணக்குக்கு, பெடலும் கூலியும் சேர்ந்த தொகையைப் போல ஒன்றரை மடங்கு கையில் இல்லாவிட்டால் பொத்தானை அழுத்துவதில்லை. மிஞ்சினால் கம்பி வாங்கலாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: அடையாள அட்டையும் இரண்டு பிரதியும், விலைச்சிட்டையின் அச்சுப் பிரதி, கார்டில் இருந்து காசு போனதைக் காட்டும் வங்கித் துண்டு, ஓர்டர் பக்கத்தின் அச்சு, பொதி இலக்கம். கூரியர் கம்பனி வருமான வரி இலக்கம் கேட்கவும் கூடும். உங்களுக்காக வேறு ஆள் எடுக்கப் போகிறார் என்றால் நீங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் இருவரின் அடையாள அட்டைப் பிரதியும். போனில் இருக்கும் ஸ்கிரீன்ஷொட் போதும் என்று போகாதீர்கள்.

தபாலில் வரும் பொதிக்கு நேரில் வரச் சொல்லி அறிவித்தல் வந்தால் அதில் போட்டிருக்கும் இடத்தையும் நேரத்தையும் நன்றாக வாசியுங்கள். கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகம் என்றால் அது டீ.ஆர். விஜேவர்த்தன மாவத்தையில் இருக்கிறது, கோட்டைப் பக்கம் இறங்கி நடந்தே போகலாம். அங்கே பொதியைத் திறந்து பார்த்து மதிப்புப் போடுவார்கள். "இது என்ன?" என்று கேட்டால் "பேஸ் கிட்டாருக்கான சத்தம் மாற்றும் பெட்டி" என்று நேராகச் சொல்லுங்கள். குமிழும் சுவிட்சும் உள்ள இரும்புப் பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

விற்கிறவரிடம் "விலையைக் குறைத்து எழுதுங்கள், பரிசு என்று போடுங்கள்" என்று சொல்லச் சொல்லி யோசனை தருவார்கள். செய்யாதீர்கள். அது குற்றம். அதோடு பொதி உடைந்து வந்தால் அந்தக் குறைந்த விலைக்குத்தான் நட்டஈடு கேட்க முடியும்.

உறவுக்காரர் வரும்போது கொண்டுவரச் சொல்வது நல்ல வழிதான். ஒரு பெடல், பெட்டி இல்லாமல், விலைச்சிட்டையோடு. மாமி பத்து வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறார், அவருடைய பெட்டியில் நாலு பெடலை ஏற்றிச் சுங்கத்தில் பதில் சொல்ல வைக்காதீர்கள்.

7. மேடையில் உயிரோடு இருங்கள்

பழைய லயங்களிலும் தற்காலிக மேடைகளிலும் எர்த் இருக்கும் என்று நம்ப முடியாது. பேஸ் ஒரு இணைப்பில், மைக் இன்னொரு இணைப்பில் இருந்து, எர்த்தும் இல்லை என்றால், கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைக்கும் நேரம் ஷொக் அடிக்கும். உதட்டில் அடித்தவனுக்குத்தான் அது தெரியும். பாடுவதற்கு முன் புறங்கையால் மைக்கைத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது எனக்கு, ஆனால் அது பாதுகாப்பு அல்ல. டெஸ்டரால் பாருங்கள். சவுண்ட்காரரிடம் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே பெட்டியில் இருந்து கரண்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

'ம்ம்ம்' என்று இரைந்தால் எர்த் முள்ளை முறிக்கச் சொல்லும் ஒருவர் எல்லா மேடையிலும் இருப்பார். முறிக்கவே கூடாது. பல டி.ஐ. பெட்டிகளில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டினால் பெரும்பாலும் இரைச்சல் நிற்கும்.

8. மழையும் மூடுபனியும்

மே முதல் செப்டெம்பர் வரை நம்ம பக்கம் துணியே காயாது, பெடல் மட்டும் எப்படிக் காயும்? மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் பைகளை எறியாமல் சேருங்கள். வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றுங்கள். பல பெடல்களில் உள்ளே போகும் வயர் செருகியிருந்தாலே பெட்டரி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கிழமைக்கு மேல் வாசிக்கவில்லை என்றால் பெட்டரியையும் எடுத்துவிடுங்கள்.

குளிரில் இருந்து கொழும்புக்கு இறங்கும் நாளில் பையை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த இரும்பில் சூடான ஈரக்காற்றுப் பட்டால் வியர்க்கும். அரை மணி நேரம் மூடியபடி இருக்கட்டும்.

9. என் ஆசைப் பட்டியல், திகதியோடு

டெக் 21 சான்ஸ்அம்ப் பேஸ் டிரைவர். அம்ப் நிறமும் கொடுக்கும் டி.ஐ. பெட்டி. மிக்சரில் இருந்து வரும் 48 வோல்ட் பாண்டம் பவரிலேயே ஓடும், அடப்டரே வேண்டாம். மேலே இரண்டாம் தலைப்பில் நான் எழுதியது முழுவதையும் இந்த ஒரு பெட்டி தேவையில்லாமல் ஆக்கிவிடும்.

எம்.எக்ஸ்.ஆர். எம்87 கம்ப்ரெசர். எவ்வளவு அமுக்குகிறது என்று லைட் வரிசையாகக் காட்டும். கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

பொஸ் ஓ.சி.-5 ஒக்டேவ். கிட்டார், பேஸ் என்று மாற்றும் சுவிட்ச் உண்டு. ஈ கம்பியில் ஒரு ஒக்டேவ் கீழே போனால் 20 ஹேர்ட்ஸ், அதைத் திருவிழா ஸ்பீக்கர் எதுவும் சொல்லாது. மேல் கம்பிகளில் வாசிக்கத்தான் இது.

ஹெல்சிங்கிக் கம்பனியான டார்க்கிளாஸின் டிரைவ் ஒன்று. இது வெறும் ஆசை. மாரியம்மன் பாட்டுக்கு இதை எங்கே போடுவது என்று எனக்கே தெரியவில்லை.

திகதி முக்கியம். எங்கள் பக்கத்துத் தோட்டத் திருவிழாக்கள் மாசியில் சூடுபிடித்து சித்திரை வரை போகும். டிசம்பரில் நத்தார்ப் பொதிகளால் தபால் நிரம்பி வழியும். ஆகவே வெளிநாட்டு ஓர்டர் என்றால் செப்டெம்பர் கடைசிக்குள் போட்டுவிடுங்கள். கொழும்புக் கடை என்றால் ஜனவரி போதும். நான் இந்த முறை சான்ஸ்அம்ப்புக்கு அடையாள அட்டைப் பெயரில், பார்மசி முகவரிக்கு, செப்டெம்பர் 20இல் போட்டேன். நவம்பர் 3ஆம் திகதி பார்மசி அண்ணன் போன் எடுத்து, "தம்பி, ஒங்க மருந்து வந்துருச்சு" என்றார்.